பதினான்கு கிலோமீட்டர் குழாய்

தொக்சான்பை பன்னிரண்டு வருஷம் பிரதமருக்குக் கார் ஓட்டினான். குடியரசின் அமைச்சரவைத் தலைவர் என்று காகிதத்தில் எழுதுவார்கள், வாய்ப்பேச்சில் பிரதமர்தான். கறுப்பு வோல்கா வண்டி, ஜன்னலுக்குச் சாம்பல் நிறத் திரை, முன் இருக்கையில் பிரதமர் கபிதென் தோசனொவ். மற்ற பெரிய மனிதர்கள் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து வருவார்கள். இவர் ஓட்டுநர் பக்கத்தில்தான் உட்காருவார். பின்னால் உட்கார்ந்தால் குமட்டுகிறது என்பார். இப்படி ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவனைப் பற்றி அவன் சொந்த ஊர் என்ன நினைக்கும்? அவன் மனசு வைத்தால் எதையும் முடித்துவிடுவான் என்று நினைக்கும். கெர்மெகுதுக் அப்படித்தான் நினைத்தது. நினைத்து நினைத்து அவன் உயிரை வாங்கியது.

கெர்மெகுதுக் என்றால் உவர்க்கிணறு. அரசாங்க ஆட்டுப் பண்ணையின் நான்காம் பிரிவு அது, நாற்பத்து மூன்று வீடு. பெயரில் ஒளிவுமறைவு இல்லை. அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, தேநீரில் பால் ஊற்றினால் திரிந்து திப்பிதிப்பியாக மிதக்கும். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்கள், சிறுநீரகத்தில் கல் இல்லாத ஆள் அந்த ஊரில் அபூர்வம். ஊருக்கு வடக்கே பதினான்கு கிலோமீட்டரில், சுரங்க நகரத்துக்கு நல்ல தண்ணீர் கொண்டுபோகிற பெரிய இரும்புக் குழாய் ஓடுகிறது. குதிரையில் போய்க் காதை வைத்தால் உள்ளே தண்ணீர் போகிற சத்தம் நன்றாகக் கேட்கும். கேட்டுவிட்டுத் திரும்பி வரலாம், அவ்வளவுதான்.

தொக்சான்பை பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான். அப்பா போருக்குப் போய்த் திரும்பவில்லை, அம்மா அதற்கு அடுத்த குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தாள். பத்து வயது மூத்த அக்கா உல்பிகெதான் அவனை ஆளாக்கினாள். ராணுவத்தில் லாரி ஓட்டினான், பிறகு கோதுமை வயல்களில் தானிய லாரி ஓட்டினான், ஒரு பதக்கமும் வாங்கினான். அந்தப் பதக்கத்தைப் பார்த்துத்தான் தலைநகரில் அமைச்சரவையின் கார் கொட்டகைக்கு அழைத்தார்கள். ஆறு மாதம் வைத்துப் பார்த்துவிட்டு, இவன் வாயைத் திறக்க மாட்டான் என்று தெரிந்த பிறகு தோசனொவின் வண்டியைக் கொடுத்தார்கள். காதில் விழுந்ததை வெளியே சொல்லக்கூடாது, தனக்கென்று எதுவும் கேட்கக்கூடாது. இந்த இரண்டையும் அவன் ஒன்பது வருஷம் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் காப்பாற்றினான்.

அக்காவுக்கு இதெல்லாம் புரியுமா? லீவுக்கு ஊருக்குப் போனால் முதல் கிண்ணம் தேநீரை நீட்டும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

"குடிடா, குடி. பிரதமர் வண்டி ஓட்டுறவரு குடிக்கிற டீயா இது? முகத்தைச் சுளிக்காம குடி."

"அக்கா, சும்மா இரு."

"நான் சும்மாத்தான் இருக்கேன். நீதான் நாட்டையே ஆள்றவரு பக்கத்துல சும்மா உக்காந்திருக்க. ஒரு நாளாவது வாயைத் திறந்து, ஐயா எங்க ஊர்ல தண்ணி இல்லைன்னு சொன்னியா? நாக்கு என்ன, ராணுவத்துலயே விட்டுட்டு வந்துட்டியா?"

அவனுடைய அத்தான் சகிந்திக், பண்ணைப் பிரிவின் மேலாளர், சாது. "விடு, அவன் வேலைக்கு வேட்டு வச்சிடாத" என்பார். ஊர்க்காரர்கள் அப்படி விடுவார்களா? வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, இருமி, பேச்சை எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் குழாயில்தான் கொண்டுவந்து நிறுத்துவார்கள்.

நாட்டை ஆள்கிறவர் என்று அக்கா சொன்னதை முதலில் தொக்சான்பையும் நம்பத்தான் செய்தான். மூன்றாம் வருஷம் அவனுக்கு விஷயம் பிடிபட்டது. தோசனொவும் ஓட்டுநர்தான். எங்கே போகவேண்டும் என்று சொல்கிறவர்கள் வேறு இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் அவர் சதுக்கத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கட்சி மத்தியக் குழுக் கட்டடத்துக்குப் போவார், கனத்த கோப்போடு உள்ளே போய் மெலிந்த கோப்போடு வெளியே வருவார். ரயில் பெட்டி வரவில்லையா, உரம் வரவில்லையா, பள்ளிக்கூடக் கூரை ஒழுகுகிறதா, ஏச்சு பிரதமருக்கு. விளைச்சல் நன்றாக இருந்தால் மாலை கட்சிக்கு. அமைச்சர்கள், ஆலைகள், சாலைகள், பள்ளிகள் எல்லாம் அவர் பொறுப்பு என்று சட்டத்தில் எழுதியிருந்தது. அந்தப் பொறுப்பில் எந்தக் கதவுக்கும் சாவி இல்லை என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. மனிதர் நல்லவர், ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்தார். அதுதான் இன்னும் எரிச்சல். அயோக்கியனாக இருந்தால் திட்டிவிட்டாவது போகலாம்.

எழுபத்தொன்றாம் வருஷம் இலையுதிர் காலத்தில் அக்காவை மாகாணத் தலைநகரத்து ஆஸ்பத்திரியில் அறுத்துக் கல்லை எடுத்தார்கள். இனிமேல் அந்தத் தண்ணீரைக் குடிக்காதே என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். வேறு எதைக் குடிப்பது என்று அவர் சொல்லவில்லை. தொக்சான்பை அந்தச் செய்தியைக் கடிதத்தில் படித்துவிட்டு ஒரு வாரம் பொறுத்தான். எட்டாம் நாள் காரில் ஒன்பது வருஷ விரதத்தை முறித்தான்.

"கபெகெ, ஒரு வார்த்தை."

கபெகெ என்றால் கபிதென் ஐயா என்று வைத்துக்கொள்ளுங்கள். தோசனொவ் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னப்பா, டயர் போயிடுச்சா?"

"டயர் நல்லாத்தான் இருக்கு. எங்க ஊர்ல குடிக்கத் தண்ணி இல்ல."

எல்லாவற்றையும் சொன்னான். பதினான்கு கிலோமீட்டர், நாற்பத்து மூன்று வீடு, அக்காவின் கல். தோசனொவ் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஒன்பது வருஷமா இதை வாயில வச்சுக்கிட்டா வண்டி ஓட்டுன?"

"கேக்கக் கூடாதுன்னு சொன்னாங்க."

"உலகத்துல என்கிட்ட எதுவுமே கேக்காத ஆள் நீ ஒருத்தன்தான்னு என் சம்சாரத்துக்கிட்ட பெருமையாச் சொல்லிட்டிருந்தேன். கெடுத்துட்டியே," என்று சிரித்தார். "சரி, விடு. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். ஒரே மாதத்தில் ஆணை வந்தது. ஏழாம் பிரிவு: கெர்மெகுதுக் கிராமத்துக்குப் பதினான்கு கிலோமீட்டர் குழாய் பதித்துக் குடிநீர் வழங்குவது. கீழே கபிதென் தோசனொவின் கையெழுத்து. ஊரில் ஓர் ஆடு அறுத்தார்கள். அக்கா முதன்முறையாக, "நாக்கு இருக்குடா உனக்கு" என்று எழுதினாள்.

அதற்குப் பிறகு இரண்டரை வருஷம். ஆணை கிணற்றில் போட்ட கல் மாதிரி கிடந்தது. மாகாணத்திலிருந்து பதில் வரும்: பரிசீலனையில் உள்ளது. அடுத்த பதில்: ஒப்புதல் நிலையில் உள்ளது. யாருடைய ஒப்புதல்? மாகாணக் கட்சிச் செயலாளர் மூசினுடையது. பிரதமர் போட்ட ஆணைக்கு ஒரு மாகாணச் செயலாளர் ஒப்புதல் தரவேண்டுமா என்று கேட்டால், நீங்கள் எங்கள் பக்கத்து ஆள் இல்லை. மூசின் அரசாங்கத்துக்குக் கீழே இல்லை, அவர் கட்சி. பிரதமரும் கட்சியில் ஓர் ஆள்தான். மூசினுக்கு மேலிடத்தில் செல்வாக்கு, அடுத்த மாநாட்டில் தலைநகருக்கே வந்துவிடுவார் என்று பேச்சு. அவர் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் தோசனொவ் மறுநாளே ஏதாவது அருங்காட்சியகத்துக்கு இயக்குநராகப் போகவேண்டியதுதான்.

குழாய்கள் என்னவோ ரயிலில் வந்து இறங்கின. மாகாணத் தலைநகரத்தில் இறங்கின. அதில் ஒரு பகுதியை வைத்துக் கட்சிக் குழுக் கட்டடத்துக்கு முன்னால் நீரூற்று கட்டினார் மூசின். பதினைந்து பீச்சு, கலர் விளக்கு. திறப்பு விழாவுக்குப் பிரதமரை அழைத்தார்கள். தொக்சான்பை காரில் உட்கார்ந்தபடி, தன் ஊர்த் தண்ணீர் வானத்தைப் பார்த்துப் பீய்ச்சியடிப்பதைப் பார்த்தான். "எப்படி இருக்கு?" என்று மூசின் கேட்டதும், "அழகா இருக்கு" என்று தோசனொவ் சொன்னதும் அவன் காதில் விழுந்தது. 

எழுபத்து நான்காம் வருஷம் ஜூன் மாதம், ரோமம் கத்தரிக்கிற சமயம், பண்ணைகளைப் பார்வையிடத் தோசனொவ் அந்த மாகாணத்துக்குப் போனார். தொக்சான்பை இரண்டு நாள் முன்னாலேயே காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். அவர் விமானத்தில் வந்து இறங்கினார். வண்டியில் ஏறியதுமே சொன்னார்.

"நாளன்னைக்கு மத்தியானச் சாப்பாடு உங்க ஊர்ல. மூசினும் வர்றார். நான்தான் பேசி வச்சிருக்கேன்."

"எங்க ஊர்லயா? அங்க என்ன இருக்கு கபெகெ?"

"டீ இருக்குல்ல? அந்த ஆளு ஒரு கிண்ணம் டீ குடிக்கட்டும். நான் நூறு காகிதம் எழுதி நடக்காததை அது செய்யும். நீ இப்பவே போய் உங்க அத்தான்கிட்ட சொல்லிட்டு வா. பேச்செல்லாம் மூசினைப் பத்தித்தான் இருக்கணும். நல்லது எல்லாம் அவராலதான். என் பேரே வேணாம். நடுவுல அவரை உக்கார வைங்க. புரிஞ்சுதா? அவர் மனசு குளிர்ந்து, டீ வாயில பட்டுச்சுன்னா வேலை முடிஞ்சுது."

தொக்சான்பை அன்றே ஊருக்குப் போய் ஒவ்வொன்றாகச் சொன்னான். யார் எங்கே உட்காருவது, யாரைப் புகழ்வது, யாரைப் புகழக்கூடாது. சகிந்திக் சிகரெட் அட்டையின் பின்னால் எழுதிக்கொண்டார். அக்காவிடமும் தனியாகச் சொன்னான்.

"டீயைக் கிணத்துத் தண்ணியிலதான் போடணும். பால் திரியட்டும். நல்லாத் திரியட்டும்."

"சரிடா, எத்தனை வாட்டி சொல்லுவ? எனக்கென்ன காது கேக்காதா?"

விருந்து அன்று இரண்டு கார் கிளம்பின. முறைப்படி பிரதமர் வண்டிதான் முன்னால் போகவேண்டும். நகர எல்லை தாண்டி மண்சாலை வந்ததும் மூசினின் வண்டி ஒதுங்கி ஏறி முன்னால் போனது. கோடைக்காலத்துப் புல்வெளிச் சாலையில் பின்னால் போகிறவன் புழுதி தின்னவேண்டும். தோசனொவ் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "இடைவெளி விட்டுப் போ" என்று மட்டும் சொன்னார். எத்தனை இடைவெளி விட்டாலும் புழுதி புழுதிதான்.

கெர்மெகுதுக்கில் சகிந்திக்கின் வீட்டில் கம்பளம் விரித்து, திண்டு போட்டு, எல்லாம் எழுதி வைத்தபடி நடந்தது. மூசின் நடுவில், அவருக்கு வலப்பக்கம் தோசனொவ், பிறகு ஊரின் பெரிய ஆண்கள் ஏழெட்டுப் பேர். வீட்டுக்கு மைத்துனன் என்பதால் கை கழுவத் தண்ணீர் ஊற்றுகிற வேலை தொக்சான்பைக்கு. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு செம்போடு சுற்றி வந்தான். சகிந்திக் எழுந்து நின்று, மழை பெய்வதும் புல் முளைப்பதும் தோழர் மூசினால்தான் என்கிற அளவுக்குப் பேசிவிட்டார். மூசின் வேண்டாம் வேண்டாம் என்று கையசைத்துக்கொண்டே முழுவதையும் கேட்டார். தொக்சான்பைக்கு மூச்சு வந்தது.

அப்புறம் தட்டு வந்தது. அவித்த இறைச்சிமேல் ஆட்டுத்தலை. விருந்தில் யார் பெரியவரோ அவர் முன்னால், மூக்கு அவரைப் பார்க்கும்படி வைப்பது எங்கள் முறை. சகிந்திக் தட்டை இரண்டு கையாலும் ஏந்தி வந்து, குனிந்து, மரியாதையோடு தோசனொவ் முன்னால் வைத்தார்.

எல்லாவற்றையும் சொன்ன தொக்சான்பை இதைச் சொல்ல மறந்துவிட்டான். ஆட்டுத்தலை யாருக்கு என்று ஆட்டுப் பண்ணையிலேயே நரைத்த மனிதருக்குச் சொல்லித் தருவார்களா? அரசாங்கத்துக்கே தலைவர் வந்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். ஆணையில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். பேச்சு எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், தலையை இன்னொருவருக்கு வைத்தால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவோம் என்று அத்தான் நினைத்தார். அந்த மனிதர்மேல் கோபப்படவும் வழியில்லை. அதுதான் கொடுமை.

 மூசின் சுவரில் தொங்கிய கம்பளத்தை ரசிப்பதுபோலப் பார்த்தார். உதட்டில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை. மாகாணக் குழுவின் உதவியாளர் ஒருவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

தோசனொவ் தட்டைப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"சகிந்திக், உங்க மரியாதைக்கு நன்றி. ஆனா இதை நான் தொடக்கூடாதே. எங்கப்பா இருக்கார்ல."

தகப்பன் உயிரோடு இருக்கிறவன் விருந்தில் தலையைத் தொடமாட்டான். அதுவும் எங்கள் முறைதான், யாராலும் மறுத்துப் பேச முடியாத முறை. தோசனொவ் தட்டை இரண்டு கையாலும் திருப்பினார். தலையின் மூக்கு இப்போது மூசினைப் பார்த்தது.

 தோசனொவின் அப்பா இறந்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. உறைந்த மண்ணைக் கடப்பாரையால் உடைத்துக் குழி வெட்டினார்கள். தொக்சான்பையும் மண்வெட்டியால் மண் தள்ளினான். வீட்டு வாசலில் மகன் கம்பை ஊன்றிக்கொண்டு வாய்விட்டு அழுததை அவன் பார்த்தான். அன்றைக்கு மாகாணத்திலிருந்து கருமாதி விருந்துக்கு அறுக்கக் குதிரை கொண்டுவந்து, அதே குழியில் மூன்று பிடி மண் போட்டவர் இந்த மூசின்.

"அடடே," என்றார் மூசின், கத்தியைத் துடைத்தபடி. "பெரியவர் இருக்காரா! நல்ல விஷயமாச்சே. உடம்பு எப்படி இருக்கு அவருக்கு?"

உதவியாளர் கரண்டியை மறுபடி எடுத்துக்கொண்டார்.

"பரவாயில்லை," என்றார் தோசனொவ். "கண்ணு மட்டும் கொஞ்சம் மங்கல்."

"வயசாச்சுல்ல. நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க."

"சொல்றேன்."

மூசின் தலையைக் கையில் எடுத்து, கன்னத்துச் சதையை அழகாக அரிந்து சுற்றி உட்கார்ந்தவர்களுக்குக் கொடுத்தார்.  தொக்சான்பைக்கு அந்த முகத்தில் செம்பை வீசிவிடலாமா என்றிருந்தது. பிறகு தன்னையே சமாதானம் செய்துகொண்டான். தண்ணீருக்காகத்தானே சொன்னார். தண்ணீர் வந்துவிட்டால் அந்தப் பெரியவரும் மன்னித்துவிடுவார்.

சாப்பிட்டதும் மூசினுக்கு உண்மையாகவே மனசு குளிர்ந்துவிட்டது. திண்டில் சாய்ந்துகொண்டார்.

"அப்புறம், அந்தக் குழாய் விஷயம் என்ன? தண்ணி அவ்வளவு மோசமா இங்க? என்கிட்ட யாருமே சொல்லலையே."

"நான் சொல்லி நீங்க நம்ப வேணாம்," என்றார் தோசனொவ். "டீ வருது. குடிச்சுப் பாருங்க."

"நல்ல யோசனை! கேட்டுக்கங்க எல்லாரும். டீயைக் குடிச்சு நான் முகம் சுளிச்சேன்னா, பனி விழுறதுக்குள்ள உங்க ஊருக்குக் குழாய். மூசின் சொன்னா சொன்னதுதான்."

ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர் சந்தோஷத்தில் தொடையைத் தட்டினார். உல்பிகெ வெந்நீர் கொதிக்கிற சமோவாரின் பக்கத்தில் உட்கார்ந்து முதல் கிண்ணத்தை ஊற்றினாள். பால் விட்டாள். கிண்ணம் கைமாறி மூசினிடம் போனது. தொக்சான்பை எட்டிப் பார்த்தான். பால் திரியவில்லை. தேநீர் பொன்னிறத்தில் பளபளவென்று இருந்தது.

மூசின் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு நீட்டினார்.

"அக்கா, இன்னொண்ணு ஊத்துங்க. தலைநகர்லகூட இப்படி ஒரு டீ கிடைக்காது."

தொக்சான்பைக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் காரின் ரேடியேட்டர் ஒரே மாதத்தில் அடைத்துக்கொள்ளும். அதனால் காருக்கென்று நகரத்திலிருந்து இரண்டு தகரக் கேனில் நல்ல தண்ணீர் கொண்டுவந்திருந்தான். வந்ததும் நிழலில் இறக்கி வைத்தான். வாசல் வழியே பார்த்தான். ஒரு கேன் மூடி திறந்து கிடந்தது.

வேலை போனாலும் போகட்டும் என்று வாயைத் திறந்தான்.

"தோழர் மூசின், அது கிணத்துத் தண்ணி இல்ல. காருக்குக் கொண்டுவந்த தண்ணி."

அறை முழுக்கத் திரும்பியது. மூசின் புருவத்தைத் தூக்கினார்.

"காருக்கு ஊத்துற தண்ணியிலயா உங்க அக்கா எனக்கு டீ போட்டுக் கொடுத்தாங்க? ஏன் அக்கா, அப்படியா?"

உல்பிகெயின் முகம் சிவந்தது. விருந்தாளி எதிரில், ஊர் எதிரில், தம்பியே வீட்டு மானத்தை வாங்கிவிட்டான்.

"அவன் கிடக்கான்," என்றாள். "கிணத்துத் தண்ணிதான். குடிங்க."

தொக்சான்பை ஓடினான். செம்பைப் போட்டுவிட்டுக் கிணற்றடிக்கு ஓடி, வாளியில் அள்ளிக்கொண்டு தளும்பத் தளும்ப ஓடி வந்தான். ஒரு வாய், ஒரே ஒரு வாய் அந்த ஆள் குடித்தால் போதும். வாசலில் காலை வைக்கும்போது எல்லாரும் இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டிருந்தார்கள். விருந்துக்கு வாழ்த்துச் சொல்லி முகத்தைத் தடவிவிட்டால் முடிந்தது; அதற்குமேல் யாரும் ஒரு பருக்கையும் வாயில் வைக்கமாட்டார்கள், ஒரு சொட்டும் குடிக்கமாட்டார்கள். மூசின் எழுந்து வெளியே வந்தார். வாளியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், தோளில் தட்டினார்.

"வண்டிக்கா? ஊத்து, ஊத்து. வெயில் அதிகம்."

கார் பக்கத்தில் நின்றிருந்த தோசனொவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார், தொக்சான்பைக்குக் கேட்கிற அளவுக்கு. "கபெகெ, யாரோ உங்களுக்குத் தப்பான தகவல் கொடுத்திருக்காங்க. நான் மேல சொல்லமாட்டேன். சத்தமில்லாம ரத்து பண்ணிடுவோம். என்ன?"

புறப்படுகிற அவசரத்தில் தொக்சான்பை அக்காவைச் சமையல் கொட்டகையில் போய்ப் பிடித்தான். அவன் குரலை உயர்த்திப் பேசியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

"எத்தனை வாட்டி சொன்னேன்? எத்தனை வாட்டி? ஒரே ஒரு கிண்ணம் டீ! அதுக்காக அந்த மனுஷன் செத்துப்போன அப்பாவையே உயிரோட இருக்கார்னு சொன்னாருக்கா!"

"கத்தாதடா. கிணத்துத் தண்ணியிலதான் முதல்ல போட்டேன். பால் திரிஞ்சு மேல வந்துச்சு. அதைக் கொண்டுபோய் என் வீட்டு வாசல் மிதிச்சவங்க முன்னால வைக்கச் சொல்றியா? வச்சா என் கையி விளங்குமா?"

"உன் கைக்கு என்ன? உன் வயித்துலதான் கல்லு!"

"கல்லு என் வயித்துல இருந்துட்டுப் போகட்டும்," என்றாள் உல்பிகெ. சொல்லிவிட்டு தலைத்துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவளைத் தேற்ற அவனுக்கு மனசும் வரவில்லை, நேரமும் இல்லை. வெளியே மூசினின் வண்டி கிளம்பிப் புழுதி எழும்பிவிட்டது.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம், தலைநகரில், தோசனொவைப் பஞ்சாலை ஒன்றுக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தான். அவர் கோப்பை முழங்காலில் விரித்து வைத்து ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு காகிதத்தில் நின்றார்.

"இது உங்க ஊர்க் காகிதம், தொக்சான்."

அவன் ஓரக்கண்ணால் பார்த்திருந்தான். ஆணையின் ஏழாம் பிரிவை ரத்து செய்வது. காரணம், குடிநீர் தரமானது என்று ஊர் மக்களே நேரில் உறுதிசெய்துள்ளனர்.

"போடாம விட்டா என்ன ஆகும் கபெகெ?"

"அடுத்த செவ்வாய்க்கிழமை ஏன் போடலைன்னு கேப்பாங்க. அதுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை வேற ஒருத்தர் இங்க உக்காந்து போடுவார்." கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "குழாய் பதிக்கப் போட்ட கையெழுத்து செல்லலை. ரத்து பண்றதுக்கு மட்டும் என் கையெழுத்து இல்லாம முடியாதாம். எங்கப்பாவையே கொடுத்துப் பாத்தாச்சு. பத்தலை."

பேனாவைக் காகிதத்தில் வைத்தார். தொக்சான்பை ஒரு பள்ளத்தைப் பார்த்தான். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு பள்ளத்திலும் சக்கரத்தை விட்டவன் இல்லை. அதில் விட்டான். வண்டி குலுங்கியது, பேனா விலகியது. தோசனொவ் மறுபடி வைத்தார். அவன் ஸ்டியரிங்கை ஒடித்து அடுத்த பள்ளத்தில் இறக்கினான். மூன்றாவதற்கு அவன் வெகுதூரம் தேடவேண்டியிருக்கவில்லை. தோசனொவ் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை, கோபிக்கவில்லை. மூன்று தடவை பொறுத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"ஓரமா நிறுத்துப்பா. கை ஆடுது."

தொக்சான்பை வண்டியை ஓரங்கட்டினான்.

"என்ஜினையும் அணைச்சிடு."

அணைத்தான். இரண்டு கையையும் ஸ்டியரிங்கின் மேல் வைத்துக்கொண்டு எதிரே இருந்த சாலையைப் பார்த்தான். பக்கத்தில் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. கையெழுத்து கோணல் இல்லாமல், முழுசாக, நன்றாக விழுந்தது.